ஆர் மொழியில் அங்கத்தினர் எண்ணைக் கொண்டு விவரம் தேட எந்த அமைப்பு விரைவானது?

கேள்வி: பசுந்தேயிலை_கணக்கு (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி வட்டத்தில் உள்ள ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் பழைய கொள்முதல் சீட்டுகளை ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் தொகுத்து வருகிறேன். ஒவ்வொரு சீட்டிலும் தேதி, அங்கத்தினர் எண், கொள்முதல் நிலையத்தின் பெயர், பசுந்தேயிலையின் எடை ஆகியவை உள்ளன. பல ஆண்டுச் சீட்டுகளும் சேர்ந்து 10 லட்சம் வரிசைகளைத் தாண்டுகின்றன. அங்கத்தினர் பதிவேடு தனிக் கோப்பாக இருக்கிறது. அதில் ஏறத்தாழ 3,000 பேரின் எண், ஊர், தோட்டப் பரப்பு, முன்பணம் ஆகியவை பதிவாகியுள்ளன.

எனக்கு மூன்று வகைத் தேடல்கள் தேவைப்படுகின்றன. அங்கத்தினர் எண்ணைக் கொடுத்தால் அவருடைய ஊரும் பரப்பும் கிடைக்க வேண்டும். மாதத்தைக் கொடுத்தால் தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கு அறிவித்த பசுந்தேயிலை விலை கிடைக்க வேண்டும். மூன்றாவதாக, சீட்டுகளைத் தேதி வரிசையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டின் தொகையிலிருந்தும் முன்பணத்துக்குரிய பிடித்தத்தைக் கழித்து, அந்த அங்கத்தினரின் நிலுவையை அவ்வப்போது மாற்றி எழுத வேண்டும். இடையில் புதிய முன்பணம் கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் அந்தந்த நாளில் சேர்க்க வேண்டும்.

தற்போது பதிவேட்டை அங்கத்தினர் எண்ணையே பெயராகக் கொண்ட லிஸ்ட் ஆக வைத்து, சீட்டுகளின் மீது ஒரு ஃபார் சுற்றை ஓட்டி, ஒவ்வொரு வரிசையிலும் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எண்ணைக் கொடுத்து விவரத்தை எடுக்கிறேன். விடை சரியாகவே வருகிறது, ஆனால் மிகுந்த நேரம் பிடிக்கிறது. பைத்தானில், சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் டிக்ஷனரி என்ற அமைப்பு இயல்பாகவே இருப்பதைப்போல ஆர் மொழியில் எது இருக்கிறது? என்விரான்மென்ட், ஹேஷ்டேப், டேட்டா.டேபிள் என்று பல பெயர்களைப் பார்க்கிறேன். இந்த வேலைக்கு எதை எடுத்துக்கொள்வது என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: குன்னூர்_சரிவு

வணக்கம். முதலில் லிஸ்டுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது புரிந்தால் மற்றவை தாமாகவே தெளிவாகும். பெயரைக் கொடுத்து லிஸ்டிலிருந்து ஓர் உறுப்பை எடுக்கும்போது, ஆர் மொழி அந்த லிஸ்டின் பெயர்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறது. பெயர் பொருந்திய இடத்தில் நிற்கிறது. பதிவேட்டில் 3,000 பேர் இருந்தால் சராசரியாக ஒரு தேடலுக்கு 1,500 ஒப்பீடுகள் நடக்கும். 10 லட்சம் சீட்டுகளுக்கு அது 150 கோடி ஒப்பீடுகளாகிவிடும். ஒரே சரத்தை (எழுத்துத் தொடரை) ஆர் நினைவகத்தில் ஒரே ஒரு முறைதான் வைத்திருக்கும் என்பதால் தனி ஒப்பீடு ஒவ்வொன்றும் மலிவானதுதான், ஆனால் எண்ணிக்கையே மலைபோல் குவிகிறது. பெயரிட்ட வெக்டரை (ஒரே வகை மதிப்புகளின் வரிசையை) ஒற்றைச் சதுர அடைப்பால் ஒரு பெயர் கொடுத்துக் கேட்டாலும் நிலைமை மாறாது. வெக்டர் நீளமாக இருந்தால் ஒரு தற்காலிக ஹேஷ் அட்டவணையை (சாவியிலிருந்தே அதன் இடத்தைக் கணக்கிட்டுத் தரும் அட்டவணையை) உள்ளுக்குள் கட்டி, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் ஒவ்வொரு கேள்வியின் செலவும் பதிவேட்டின் நீளத்துக்கு ஏற்ப வளர்கிறது.

ஆகவே எந்த அமைப்பு என்ற கேள்விக்கு முன்னால், கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறீர்களா, மொத்தமாகக் கேட்கிறீர்களா என்பதை முடிவு செய்ய வேண்டும். உங்களிடம் எல்லாச் சீட்டுகளும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அப்படியிருக்க, சீட்டுகளின் அங்கத்தினர் எண் நெடுவரிசை முழுவதையும் முதல் உள்ளீடாகவும், பதிவேட்டின் எண் நெடுவரிசையை இரண்டாவது உள்ளீடாகவும் மேட்ச் என்ற செயற்கூறுக்கு ஒரே ஒரு முறை கொடுங்கள். அது பதிவேட்டுக்கு ஒரு ஹேஷ் அட்டவணையை ஒரே முறை கட்டி, 10 லட்சம் எண்களையும் சி மொழியில் எழுதப்பட்ட உட்சுற்றிலேயே தேடி, ஒவ்வொரு சீட்டும் பதிவேட்டின் எத்தனையாவது வரிசைக்கு உரியது என்பதை முழு எண்களாகத் திருப்பித் தரும். அந்த முழு எண் வெக்டரை ‘இடம்’ என்ற பெயரில் சேமித்துவையுங்கள். ஊர் வேண்டுமா, பதிவேட்டின் ஊர் நெடுவரிசையை ‘இடம்’ கொண்டு எடுத்தால் போதும், பரப்புக்கும் அப்படியே. சாவியை ஒரு முறை இட எண்ணாக மாற்றிவிட்டால், அதன் பிறகு சரங்களைத் தேடும் வேலையே இல்லை.

மேட்ச் தரும் விடையில் வெறுமதிப்பு இருந்தால், அந்தச் சீட்டின் எண் பதிவேட்டில் இல்லை என்று பொருள். மேலும், பதிவேட்டில் ஒரே எண் இரு முறை இருந்தால் மேட்ச் முதலாவதை மட்டும் ஓசையின்றி எடுத்துக்கொள்ளும். எனவே இரட்டிப்பைக் கண்டறியும் எனிடூப்ளிகேட்டட் செயற்கூறைக் கொண்டு பதிவேட்டை முன்கூட்டியே சோதித்துவிடுவது அவசியம்.

மாத விலைக்கு மேட்ச்கூட வேண்டாம். மாதங்கள் இடைவெளியின்றி வருபவை என்பதால், ஆண்டிலிருந்து தொடக்க ஆண்டைக் கழித்து 12 ஆல் பெருக்கி மாத எண்ணைக் கூட்டினால் அதுவே விலை வெக்டரின் இட எண். அங்கத்தினர் எண்களும் 1 முதல் சில ஆயிரங்கள் வரை நெருக்கமாக அமைந்திருந்தால் இதே உத்தியைப் பின்பற்றலாம்: மிகப் பெரிய எண்ணின் நீளத்துக்கு ஒரு வெக்டர் எடுத்து, அந்தந்த எண்ணின் இடத்தில் பதிவேட்டு வரிசையை எழுதிவைத்தால், எந்த ஹேஷ் அமைப்பையும்விட அது விரைவாக விடை தரும்.

மூன்றாவது வேலையில் மட்டும் சுற்று உண்மையிலேயே தேவைப்படுகிறது, ஏனெனில் ஒரு சீட்டின் பிடித்தம் அதற்கு முந்தைய சீட்டுக்குப் பிறகு எஞ்சிய நிலுவையைப் பொறுத்தது. இடையில் புதிய முன்பணமும் வருகிறது. ஆனால் அந்தச் சுற்றுக்குள்ளும் அங்கத்தினர் எண்ணைத் தேட வேண்டாம். நிலுவைகளைப் பதிவேட்டின் வரிசையிலேயே ஓர் எண் வெக்டராக வைத்து, ஒவ்வொரு சீட்டிலும் அதன் ‘இடம்’ சுட்டும் உறுப்பைப் படித்து, கழித்து, அங்கேயே எழுதுங்கள். அந்த வெக்டரை வேறு எந்தப் பெயரும் சுட்டாத வரையில் ஆர் அதைப் படியெடுக்காமல் இருந்த இடத்திலேயே மாற்றும், 3.4.0 பதிப்பிலிருந்து இத்தகைய சுற்றுகள் தாமாகவே விரைவாக ஓடும் பைட் குறியாகத் தொகுக்கப்படுவதால் 10 லட்சம் முறை ஓடுவது ஒரு பொருட்டே அல்ல. சுற்றுக்குள் டேட்டா ஃப்ரேம் என்ற அட்டவணை அமைப்பின் நெடுவரிசையில் நேரடியாக எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறை எழுதும்போதும் டேட்டா ஃப்ரேமுக்கு உரிய செயற்கூறு அழைக்கப்படுவதால் பெற்ற வேகமெல்லாம் கரைந்துபோகும்.

பதில்: தொட்டபெட்டா_தரவு

மேலே சொல்லப்பட்டது இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. எனினும் டிக்ஷனரிக்கு நிகர் எது என்ற நேரடிக் கேள்விக்கும் விடை வேண்டும் என்பதால் எழுதுகிறேன், ஏனெனில் எந்தச் சாவிகள் வரும் என்று முன்கூட்டியே தெரியாத வேலைகளும் உண்டு. நாளை அதே தொழிற்சாலையில் தராசு நிலையத்திலிருந்து சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தால், மொத்தமாகக் கேட்க வழி இருக்காது.

ஆர் மொழிக்குள்ளேயே இருக்கும் நிகரான அமைப்பு என்விரான்மென்ட்தான். நியூ.என்வ் செயற்கூறால் உருவாக்கும்போது அது இயல்பாகவே ஹேஷ் அட்டவணையோடு வருகிறது. தொடக்க அளவு 29 இடங்கள், நிரம்ப நிரம்பத் தானே விரிவடையும். ஒரு தேடலின் செலவு உள்ளே எத்தனை சாவிகள் இருக்கின்றன என்பதைப் பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை. லிஸ்டைப்போல் அல்லாமல், ஒரு செயற்கூறுக்குள் அனுப்பி மாற்றினாலும் அதே பொருள்தான் மாறும், படி எடுக்கப்படுவதில்லை.

ஆனால் என்விரான்மென்ட் முதலில் மாறிகளின் பெயர்களை வைத்திருப்பதற்காக உருவானது. தேடல் அமைப்பாகப் பயன்படுத்தும்போது அந்தப் பிறப்பியல்பு சில இடங்களில் வெளிப்படும். கெட் செயற்கூறால் தேடினால், சாவி அங்கே இல்லாதபோது அது பெற்றோர் என்விரான்மென்டுக்குப் போய்த் தேடும். சாவி தற்செயலாக ஏதேனும் ஒரு செயற்கூறின் பெயராக இருந்தால் அந்தச் செயற்கூறே மதிப்பாகத் திரும்பி வந்துவிடும். இதைத் தவிர்க்க, உருவாக்கும்போதே பெற்றோராக எம்ப்டிஎன்வ் என்ற வெற்று என்விரான்மென்டைக் கொடுங்கள், தேடும்போது இன்ஹெரிட்ஸ் என்பதைப் பொய் என்று வையுங்கள். இரட்டைச் சதுர அடைப்பால் எடுத்தால் பெற்றோரிடம் போகாது; சாவி இல்லாவிட்டால் நல் என்ற வெற்றுப்பொருள் வரும். சாவிகள் சரங்களாக மட்டுமே இருக்க முடியும், வெற்றுச் சரம் கூடாது. சாவிகளைப் பட்டியலிடும் எல்எஸ் செயற்கூறு புள்ளியில் தொடங்கும் பெயர்களை இயல்பாகவே காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. என்விரான்மென்டுக்குள் போகும் ஒவ்வொரு புதிய சாவியும் ஆர் மொழியின் பொதுக் குறியீட்டு அட்டவணையில் ஒரு பெயராகப் பதிவாகிறது; அப்படிப் பதிவான பெயர்களை நினைவகத் துப்புரவு ஒருபோதும் அகற்றுவதில்லை. நீங்கள் என்விரான்மென்டையே அழித்தாலும் அவை நீடிக்கும். 3,000 அங்கத்தினர் எண்களுக்கு இது ஒன்றுமே இல்லை. அங்கத்தினர் எண்ணையும் தேதியையும் ஒட்டி ஒரு சாவி உருவாக்கி, அதைப் பல லட்சம் முறை செய்தால் நினைவகம் மெல்ல மெல்ல அடைந்துகொண்டே போகும். ஃபாஸ்ட்மேப் என்ற தொகுப்பு இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே எழுதப்பட்டது. சாவிகளைத் தன் சொந்த சி++ அமைப்பில் வைத்துக்கொள்வதால் பொது அட்டவணையைத் தொடுவதில்லை.

ஹேஷ்டேப் என்பது 2022 ஏப்ரலில் வெளிவந்த 4.2.0 பதிப்பில் யூட்டில்ஸ் தொகுப்போடு சேர்க்கப்பட்டது, சோதனை நிலையில் உள்ளது என்ற குறிப்போடு. அதன் சிறப்பு, சரம் மட்டுமல்லாமல் எந்த ஆர் பொருளையும் சாவியாக ஏற்பது. எண்ணும் மாதமும் சேர்ந்த ஒரு வெக்டரையே சாவியாகக் கொடுக்கலாம். அதே காரணத்தால் வகையும் ஒத்திருக்க வேண்டும்: முழு எண் வகையில் 417 என்று வைத்துவிட்டுப் பதின்ம எண் வகையில் 417 என்று தேடினால் கிடைக்காது, ஏனெனில் ஒப்பீடு ஐடென்டிகல் செயற்கூறின் விதிப்படி நடக்கிறது.

டேட்டா.டேபிள் தொகுப்பு, இரு அட்டவணைகளைச் சாவியால் சேர்க்கும் பெரிய இணைப்புகளுக்கு மிகச் சிறந்தது. சாவி நெடுவரிசையை வரிசைப்படுத்தி வைத்து இருகூறாக்கித் தேடுகிறது. ஆனால் அதன் சதுர அடைப்பு ஒவ்வொரு அழைப்பிலும் நிறைய ஆயத்த வேலை செய்வதால், சுற்றுக்குள் ஒவ்வொரு வரிசையாகக் கேட்பதற்கு அது ஏற்றதல்ல.

ஒரே பதிவேட்டை மீண்டும் மீண்டும் மேட்ச் செய்ய நேர்ந்தால் ஃபாஸ்ட்மேட்ச் தொகுப்பின் எஃப்மேட்ச் நல்லது. முதல் அழைப்பில் கட்டிய ஹேஷ் அட்டவணையைப் பதிவேட்டு வெக்டரோடேயே ஒட்டிவைத்துக்கொண்டு, அடுத்தடுத்த அழைப்புகளில் அதையே பயன்படுத்தும்.

பதில்: குந்தா_எழுத்துரு

வேகத்தைப் பற்றி இருவரும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் சாவியின் தூய்மையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீலகிரி ஊர்ப்பெயர்களைத் தமிழிலேயே வைத்துத் தேடுபவர்கள் எல்லோரும் இதைச் சந்தித்தே தீர வேண்டும்.

கொள்முதல் நிலையத்தின் பெயரையும் சாவியாகப் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். ‘கோத்தகிரி’ என்ற பெயரின் முதல் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் சேர்க்கலாம். ஏகாரக் குறியையும் காலையும் இரண்டு தனிக் குறிகளாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நினைவகத்தில் அவை வெவ்வேறு சரங்கள், எனவே மேட்ச், என்விரான்மென்ட், டேட்டா.டேபிள் எதுவாக இருந்தாலும் பொருந்தாது என்றே சொல்லும். ‘கொடநாடு’, ‘சோலூர்மட்டம்’, ‘கொலக்கம்பை’ ஆகிய பெயர்களிலும் இதே இரட்டை வடிவம் சாத்தியம். ‘தும்மனட்டி’, ‘அரவேணு’, ‘நெடுகுளா’ ஆகியவற்றில் இந்தச் சிக்கல் எழாது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்ட கோப்புகளில், குறிகள் பிரிந்த வடிவம் அடிக்கடி தென்படுகிறது.

தீர்வு எளிது. ஸ்ட்ரிங்கி தொகுப்பில் என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றும் செயற்கூறு இருக்கிறது. பதிவேடு, சீட்டுகள் ஆகிய இரு பக்கச் சாவிகளையும் அதன் வழியாகச் செலுத்துங்கள். இரண்டு வடிவங்களும் ஒன்றாகிவிடும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டச்சு செய்திருந்தால் அதை என்எஃப்சி ஒன்றாக்காது, ஏனெனில் யூனிகோடின் பார்வையில் ளகரம் தனி எழுத்து. ‘ஸ்ரீ’ என்ற எழுத்துக்கும் இரு குறியீட்டு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. அவற்றையும் நீங்களே ஒரு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

சொல்லின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடத்தை நீக்க ட்ரிம்டபிள்யூஎஸ் செயற்கூறைப் பயன்படுத்துவார்கள். அது இயல்பாகச் சாதாரண இடைவெளி, தத்தல், வரிமுறிவு ஆகியவற்றை மட்டுமே நீக்கும். இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்தவற்றில் வரும் முறியா இடைவெளியையும் அகலமற்ற இடைவெளியையும் தொடாது.

எண் சாவிகளிலும் கவனம் வேண்டும். விரிதாளிலிருந்து வரும்போது ‘0417’ என்பது 417 ஆகிவிடும். பதின்ம எண் வகையில் உள்ள 1,00,000 என்பதைச் சரமாக மாற்றினால் ஆறு இலக்கங்களுக்குப் பதிலாக அடுக்குக்குறி வடிவம் வந்து நிற்கும். முழு எண் வகைக்கு மாற்றிவிட்டுப் பிறகு சரமாக்கினால் இது நேராது. இரண்டு நெடுவரிசைகளை ஒட்டிச் சாவி உருவாக்கினால் நடுவில் பிரிப்புக்குறி ஒன்றை அவசியம் வையுங்கள், இல்லாவிட்டால் 1 ஐயும் 12 ஐயும் ஒட்டியதும் 11 ஐயும் 2 ஐயும் ஒட்டியதும் ஒரே சாவியாகிவிடும்.

விண்டோஸில் வேலை செய்பவராக இருந்தால் 4.2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பையே பயன்படுத்துங்கள். அதில்தான் விண்டோஸ் ஆர் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தன் இயல்புக் குறியாக்கமாக ஏற்றது. அதற்கு முந்தைய பதிப்புகளில் என்விரான்மென்டுக்குள் வைத்த தமிழ்ச் சாவிகள் சிதைந்த வடிவில் திரும்பி வரும்.

கேள்வியாளர்: பசுந்தேயிலை_கணக்கு

மூவருக்கும் நன்றி. ஊரையும் விலையையும் மேட்ச் வழியாகவும் மாத எண் வழியாகவும் மாற்றி எழுதிவிட்டேன். முன்பு காத்துக்கிடந்த வேலை இப்போது உடனே முடிகிறது. நிலையப் பெயர்களை இயல்பாக்கியதும் பொருந்தாமல் நின்ற பெயர்களில் பெரும்பாலானவை தம் இடத்தில் சேர்ந்துவிட்டன.

எஞ்சியிருப்பது ஒரு சிக்கல். தோட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கோ மகளுக்கோ மாறும்போது புதிய அங்கத்தினர் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. பழைய எண், புதிய எண் என்று இரு நெடுவரிசைகள் கொண்ட ஒரு மாற்றப் பட்டியல் இருக்கிறது. சில தோட்டங்கள் இரண்டு மூன்று முறையும் கைமாறியுள்ளன. ஒவ்வொரு பழைய எண்ணையும் இன்றைய எண்ணுக்குக் கொண்டுவர, இங்கேயாவது என்விரான்மென்டும் சுற்றும் தேவைப்படுமா? இன்னொன்று, பயன்பாட்டிலிருந்து விலகிய சில எண்களைச் சில ஆண்டுகள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பதில்: குன்னூர்_சரிவு

இதையும் இட எண்களைக் கொண்டே முடிக்கலாம். எல்லா எண்களையும் (பழையவை, புதியவை இரண்டையும்) ஒரே பட்டியலாக்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் ‘அடுத்து’ என்ற வெக்டரில் அதன் புதிய எண்ணின் இடத்தை மேட்ச் மூலம் எழுதுங்கள். மாறாத எண்ணுக்கு அதன் சொந்த இடத்தையே எழுதுங்கள். பிறகு ‘அடுத்து’ வெக்டரை அதே ‘அடுத்து’ வெக்டரால் சுட்டி எடுத்து, கிடைத்ததையே புதிய ‘அடுத்து’ ஆக்குங்கள். ஒவ்வொரு முறையும் தாவல் இரட்டிப்பாகும்: முதல் முறைக்குப் பிறகு இரண்டு படி, அடுத்து நான்கு படி, பிறகு எட்டு படி. வெக்டர் மாறாமல் நின்றதும் நிறுத்திவிடலாம். சுற்று நடப்பது சங்கிலியின் ஆழத்துக்கு மட்டுமே; சீட்டுகளின் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தொடக்கத்தில் இருந்த ‘அடுத்து’ வெக்டரின் படி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் தவறாக அ என்பவர் ஆ ஆகவும், ஆ மீண்டும் அ ஆகவும் பதிவாகியிருந்தால், ஒரே தாவலில் இருவரும் தத்தம் இடத்துக்கே திரும்பிவந்து, மாற்றமே இல்லாதவர்களைப்போலத் தோன்றுவார்கள். மூவர் கொண்ட வளையமானால் வெக்டர் ஒருபோதும் நிலைக்கு வராது. எனவே சுற்றுக்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள். முடிவில் ஒவ்வோர் எண்ணும் சென்று சேர்ந்த இடம், தொடக்க வெக்டரில் தன்னையே சுட்டிய இடம்தானா என்று சரிபாருங்கள். அப்படி இல்லாதவற்றைக் கையேட்டோடு ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும்.

மீண்டும் வழங்கப்பட்ட எண்களை இந்தச் சங்கிலிக்கு முன்பே பிரித்துவிட வேண்டும், ஏனெனில் அங்கே எண் மட்டும் ஒருவரை அடையாளம் காட்டாது. எண்ணும் தேதியும் சேர்ந்தே காட்டும். எந்த எண் எந்த நாளிலிருந்து யாருக்கு என்று ஒரு பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு புதிய நிரந்தர எண் கொடுங்கள். டேட்டா.டேபிளில் எண், தொடக்கத் தேதி ஆகிய இரண்டையும் சாவியாக வைத்து ரோல் வசதியோடு இணைத்தால், சீட்டின் தேதிக்கு முந்தைய அல்லது அதே நாளில் தொடங்கிய கடைசி வரிசையை அது தேர்ந்தெடுக்கும். 10 லட்சம் சீட்டுகளையும் ஒரே இணைப்பில் முடித்துவிடலாம். ஓர் எண் யாரிடமும் இல்லாமல் கிடந்த காலத்துக்கும் பெயர் வெற்றாக ஒரு வரிசை சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடைக்காலத்துச் சீட்டுகள் விலகிப்போனவரின் கணக்கிலேயே ஏறிவிடும். மாற்றப் பட்டியலின் இரு நெடுவரிசைகளையும், மாற்றம் நடந்த தேதியைக் கொண்டு, நிரந்தர எண்ணுக்குக் கொண்டுவந்த பிறகே மேலே சொன்ன தாவலைத் தொடங்குங்கள். மாற்ற நாளில் பழைய எண்ணின் உரிமை முடிந்து புதிய எண்ணின் உரிமை தொடங்குவதால், பழைய நெடுவரிசைக்கு மட்டும் அதற்கு முந்தைய நாளை வைத்துத் தேட வேண்டும்.